தோற்றவர் எழுதி வைத்த ஆட்டம்

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களை வைத்திருப்பவர் எப்போதும் இரண்டாவதாகத்தான் ஆடுவார். முதல் நகர்வு வெள்ளைக்குரியது. ஒரே ஒரு நகர்வுதானே என்று தோன்றும். ஆனால், பெரிய போட்டிகளில் ஆடப்பட்ட ஏராளமான ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தவர்கள், மொத்தப் புள்ளிகளில் ஏறத்தாழ 55 வீதம் வெள்ளைக்கும் 45 வீதம் கறுப்புக்கும் போயிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். காய்கள் சமம், பலகை சமம், விதிகள் சமம். பிந்தித் தொடங்குவதற்கு மட்டும் ஒரு விலை இருக்கிறது.

அந்த விலையைக் கொடுத்துவிட்டு வென்ற ஒரு கறுப்பு ஆட்டத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. அது உலகக் கிண்ணத்தில் ஆடப்பட்ட ஆட்டமல்ல. ஏறத்தாழ 170 வருடங்களுக்கு முன்னர் கல்கத்தாவில், ஒரு கழகத்தில், இரண்டு கழக உறுப்பினர்களுக்கிடையில் நடந்தது. வென்றவர் ஒரு வங்காளி. தோற்றவர் ஒரு பிரித்தானிய வழக்கறிஞர். வென்றவர் எழுதியதாக ஒரு வரிகூட எமக்குக் கிடைக்கவில்லை. தோற்றவர் பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டதால்தான் அந்த வெற்றி இன்று எமக்குத் தெரிகிறது.

போரிலும் சுனாமியிலும் கடதாசிகளை இழந்த கரையோரத்தில் வாழும் எமக்கு இந்தக் கதை வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தெரிய முடியாது.

இரண்டாவதாக ஆடுபவர் என்ன செய்யலாம்?

வெள்ளைக்கு முதல் நகர்வு கிடைப்பதால், பலகையின் நடுப்பகுதியை முதலில் பிடிக்கும் வாய்ப்பு அதற்கே இருக்கிறது. கறுப்புக்கு இரண்டு வழிகள். ஒன்று, வெள்ளை செய்வதையே தானும் செய்து, சமமாக நிற்கப் பார்ப்பது. மற்றது, நடுப்பகுதியை வெள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அது அகலக் கால் வைக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அடிப்பது. இரண்டாவது வழி ஆபத்தானது. பொறுமை தவறினால் மூச்சுத் திணறித் தோற்க வேண்டியதுதான். ஆனால், சரியாக ஆடினால் வெள்ளை கட்டிய பெரிய வீடே அதற்குச் சுமையாகிவிடும்.

கறுப்பால் பெரிய இடங்களில் வெல்ல முடியாது என்று எவரும் நினைக்க வேண்டாம். 1985 நவம்பரில் மொஸ்கோவில் கஸ்பரோவ் 22 வயதில் உலகச் சம்பியன் ஆனார். கார்ப்போவுக்கு எதிரான அந்தக் கடைசி, 24ஆவது ஆட்டத்தை அவர் கறுப்பில்தான் வென்றார். 2010 மே மாதம் பல்கேரியாவின் சோபியா நகரில், மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், டொபலோவுக்கு எதிரான 12ஆவது ஆட்டத்தைக் கறுப்பில் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஜேர்மனியிலிருந்து ஏறத்தாழ 40 மணித்தியாலம் வாகனத்தில் பயணித்து அந்தப் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். முதலாவது ஆட்டத்தில் தோற்றும் இருந்தார். 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று உலகச் சம்பியன் ஆனதும் 14ஆவது, கடைசி ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடுதான். அந்த ஆட்டம் சமநிலையில் முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்த நேரத்தில், 55ஆவது நகர்வில் டிங் கோட்டையைத் தவறான இடத்தில் வைத்தார். மூன்று நகர்வுகளில் எல்லாம் முடிந்தது.

இந்த மூன்று ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்வையும் இன்று கல்முனையில் இருக்கும் ஒரு மாணவி தொலைபேசியில் பார்க்கலாம். அவை ஆடப்படும்போதே பதியப்பட்டவை. கல்கத்தா ஆட்டத்துக்கு அந்த வசதி இருக்கவில்லை.

கல்கத்தாவில் ஒரு கழகம்

ஜோன் கொக்ரேன் 1798இல் பிறந்தவர். ஸ்கொட்லாந்துப் பின்னணி கொண்ட வழக்கறிஞர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரித்தானியாவின் மிகப் பலமான சதுரங்க ஆட்டக்காரர்களில் ஒருவர். 1840களின் தொடக்கத்தில் விடுமுறையில் லண்டன் போனபோது, அந்நாட்களின் முன்னணி ஆட்டக்காரரான ஸ்டோன்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர். தொழில் பார்த்த இடம் கல்கத்தா. அங்கே ஐரோப்பியர்களின் சதுரங்கக் கழகம் ஒன்று இருந்தது. அதில் அவருக்கு ஈடுகொடுக்க ஆளில்லை.

1848 அளவில், கல்கத்தாவுக்கு வெளியே கிராமப் பக்கத்தில் ஒரு பிராமணர் இருக்கிறார், அவரைச் சதுரங்கத்தில் எவரும் வென்றதில்லை என்ற செய்தி கழகத்துக்கு வந்தது. அவர்தான் மகேஷ் சந்திர பனர்ஜி. அவரைக் கூட்டி வந்தார்கள். அதன் பின்னர் பல வருடங்களாக அவரும் கொக்ரேனும் மிகப் பல ஆட்டங்களை ஆடினார்கள். மொத்தக் கணக்கில் கொக்ரேனே கூடுதலாக வென்றார். இதை மறைக்கத் தேவையில்லை. ஐரோப்பிய விதிகளை நடுவயதில் வந்து பழகிய ஒருவர், அந்த விதிகளிலேயே வளர்ந்த ஒருவரோடு ஆடினார் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கழகத்து ஐரோப்பியர்களுக்கு அவருடைய ஆட்டத் தொடக்கம் விநோதமாக இருந்தது. ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, நடுப்பலகையில் முகத்துக்கு முகம் நிற்பதுதான் அந்நாளைய ஐரோப்பியப் பழக்கம். மகேஷ் சந்திரர் அப்படிச் செய்யாமல் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக வைத்தார். மந்திரியை மூலையோரம் ஒதுக்கினார். பார்ப்பவருக்கு அது பயம்போலவோ அறியாமைபோலவோ தெரிந்திருக்கும். உண்மையில் அது வேறொரு பள்ளிக்கூடம்.

சிப்பாய் ஒரு கட்டம் மட்டும்

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம் போய், அங்கிருந்து அரபு உலகத்துக்குப் போய் 'ஷத்ரஞ்ச்' ஆனது. பக்தாத்தின் கலீபாக்களின் அவையில் அது பெரும் கலையாக வளர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூபக்ர் அஸ்-ஸூலி, கலீபா அல்-முக்தபியின் காலத்தில் அவையின் முதன்மை ஆட்டக்காரராக இருந்தவர். அங்கிருந்து ஸ்பெயின் வழியாகவும் வேறு வழிகளாலும் ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனது. 'செக்மேட்' என்று இன்று எமது பிள்ளைகள் சொல்லும் சொல்லும் 'ஷாஹ் மாத்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததே.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் விதிகள் மாறின. அதுவரை ஒரு கட்டம் மட்டும் நகர்ந்த ராணி, பலகை முழுவதும் ஓடத் தொடங்கியது. மந்திரிக்கு நீண்ட மூலைவிட்ட ஓட்டம் கிடைத்தது. சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவும் உரிமையும் இருந்தது. ஆட்டம் வேகமானது. இந்தியாவிலோ, ஊருக்கு ஊர் வேறுபாடுகளோடு, சிப்பாய் பெரும்பாலும் ஒரு கட்டம் மட்டுமே நகரும் பழைய முறை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

ஒரு கட்டம் மட்டும் நகரும் சிப்பாய்களோடு வளர்ந்த ஒருவருக்கு அவசரம் கிடையாது. அவர் முதலில் தன் வீட்டை ஒழுங்குபடுத்துவார். எதிராளி எங்கே கால் வைக்கிறார் என்று பார்ப்பார். மகேஷ் சந்திரர் ஐரோப்பிய விதிகளுக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கழகத்துக்கு விநோதமாகத் தெரிந்தது ஒரு நெடுங்கால மரபின் சேமிப்பு.

அந்த ஆட்டம்

வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன். வெள்ளையின் இடது கையிலிருந்து வலது கைப்பக்கமாக எட்டு நிரல்களுக்கும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். வெள்ளையின் பக்கத்திலிருந்து மேல்நோக்கி 1 முதல் 8 வரை வரிசைகள். ஆகவே 'ஈ4' என்றால் ஈ நிரலில் நான்காவது வரிசைக் கட்டம். மூலைவிட்டமாக ஓடுவதை இங்கே மந்திரி என்றும், நேராக ஓடுவதைக் கோட்டை என்றும் குறிக்கிறேன். சிலர் கோட்டையை யானை என்பார்கள்.

வெள்ளை கொக்ரேன். கறுப்பு மகேஷ் சந்திரர். வெள்ளைதான் முதலில் ஆட வேண்டும் என்ற வழக்கம் அந்நாட்களில் முற்றாக உறுதிப்பட்டிருக்கவில்லை. ஆனால், இன்றைய பதிவுகள் முதலில் ஆடியவரை வெள்ளை என்றே காட்டுகின்றன.

முதல் ஐந்து நகர்வுகள் இப்படி:

வெள்ளை ஈ4, கறுப்பு டி6.
வெள்ளை டி4, கறுப்பு ஜி6.
வெள்ளை சி4, கறுப்பு மந்திரியை ஜி7இல் வைக்கிறார்.
வெள்ளை குதிரை சி3, கறுப்பு குதிரை எஃப்6.
வெள்ளை எஃப்4, கறுப்பு காஸ்லிங் செய்து ராஜாவைப் பாதுகாப்பான ஓரத்துக்குக் கொண்டுபோகிறார்.

இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளைக்கு நான்காவது வரிசையில் சி, டி, ஈ, எஃப் என்று நான்கு சிப்பாய்கள் தோளோடு தோளாக நிற்கின்றன. கறுப்பு நகர்த்திய இரண்டு சிப்பாய்களும் ஒவ்வொரு கட்டம்தான் முன்னே வந்திருக்கின்றன. முழு நிலமும் வெள்ளையின் கையில். கறுப்பிடம் இருப்பது இரண்டு: ராஜாவுக்கு ஒரு பாதுகாப்பான வீடு, ஜி7இல் இருந்து நீண்ட மூலைவிட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மந்திரி. வெள்ளை ராஜாவோ இன்னும் நடுவிலேயே நிற்கிறது.

ஆறாவது நகர்வில் வெள்ளை குதிரையை எஃப்3இல் வைக்கிறார். கறுப்பு மற்ற மந்திரியை ஜி4க்குக் கொண்டுவருகிறார். அந்தக் குதிரை அசைந்தால் பின்னால் நிற்கும் வெள்ளை ராணி அடிபடும். ஏழாவது நகர்வில் வெள்ளை தனது மந்திரியை டி3இல் வைக்கிறார். சாதாரணமான நகர்வுதான். ஆனால், டி4இல் நிற்கும் சிப்பாயை அதுவரை பின்னாலிருந்து காத்துக்கொண்டிருந்த ராணியின் பார்வையை அந்த மந்திரி மறைத்துவிடுகிறது. கறுப்பு காத்திருந்த நேரம் இதுதான். சிப்பாயை ஈ5இல் தள்ளி நடுப்பலகையை உடைக்கிறார்.

வெள்ளை அந்தச் சிப்பாயை எடுக்கிறார், கறுப்பு திருப்பி எடுக்கிறார். வெள்ளை டி5க்குச் சிப்பாயைத் தள்ளித் தப்பிக்கிறார். ஒன்பதாவது நகர்வில், கறுப்பு தன் குதிரையைக் கொடுக்கிறார். ஈ4இல் இருந்த சிப்பாயைக் குதிரையால் அடிக்கிறார். வெள்ளை அந்தக் குதிரையை எடுக்கலாம், எடுக்கிறார். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை என்பது நட்டக் கணக்கு. ஆனால், உடனே கறுப்பு சிப்பாயை எஃப்5க்குத் தள்ளி வெள்ளைக் குதிரையைத் துரத்துகிறார். குதிரை ஜி5க்குப் போகிறது. அடுத்து ஈ5 சிப்பாயை ஈ4க்குத் தள்ளுகிறார். அந்த ஒரு சிப்பாய் இப்போது இரண்டு பெரிய காய்களைத் தாக்குகிறது: டி3இல் மந்திரி, எஃப்3இல் குதிரை.

கொக்ரேன் பயந்து ஒதுங்குபவர் அல்ல. பன்னிரண்டாவது நகர்வில் ஜி5 குதிரையை ஈ6இல் இறக்குகிறார். அங்கிருந்து அது கறுப்பின் ராணியையும் கோட்டையையும் மந்திரியையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. இந்த இடத்தில் நாம் எல்லோரும் ராணியைத்தான் நகர்த்துவோம். மகேஷ் சந்திரர் ராணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிப்பாயால் எஃப்3இல் இருந்த வெள்ளைக் குதிரையை எடுக்கிறார்.

வெள்ளை ராணியை எடுக்கிறார். பின்னாளில் இந்த ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் அதைப் பிழை என்றே குறிக்கிறார்கள். ஏனென்றால் கறுப்புச் சிப்பாய் அடுத்து ஜி2இல் இருக்கும் சிப்பாயையும் எடுக்கிறது. அது விலகியதும் ஜி4 மந்திரிக்கும் வெள்ளை ராணிக்கும் இடையில் வழி திறக்கிறது. அதே சிப்பாய் மூலையில் நிற்கும் கோட்டையையும் தாக்குகிறது. இரண்டையும் காப்பாற்ற வெள்ளைக்கு நேரமில்லை. கோட்டையைக் காப்பாற்றுகிறார், ராணி போகிறது.

புழுதி அடங்கியபோது, 17ஆவது நகர்வுக்குப் பின், வெள்ளையிடம் இரண்டு கோட்டை, இரண்டு மந்திரி, ஐந்து சிப்பாய்கள். கறுப்பிடம் ஒரு கோட்டை, இரண்டு மந்திரி, ஒரு குதிரை, ஆறு சிப்பாய்கள். எண்ணிக்கையில் பார்த்தால் ஏறத்தாழச் சமம், வெள்ளைக்குச் சற்றுக் கூட என்றுகூடச் சொல்லலாம். ஆனால், வெள்ளை ராஜாவுக்கு வீடில்லை. அது காஸ்லிங் செய்யவே இல்லை. நடுப்பலகையில் ஒவ்வொரு கட்டமாக அலைய வேண்டியதாயிற்று. கறுப்பின் இரண்டு மந்திரிகளும் நீண்ட மூலைவிட்டங்களில் அதை மறித்தன. ஆட்டம் கறுப்புக்கு.

இன்று கணினியைக் கேட்டால், குதிரையைக் கொடுத்த அந்த ஒன்பதாவது நகர்வு துணிச்சலானது, ஆனால் முழுக்கச் சரியானதா என்பது சந்தேகம் என்று சொல்லக்கூடும். அது இந்த ஆட்டத்தின் பெறுமதியைக் குறைக்காது. நிலத்தை விட்டுக்கொடுத்து, வீட்டை ஒழுங்குபடுத்தி, சரியான நேரத்தில் நடுப்பகுதியை உடைப்பது என்ற முறை அந்த ஆட்டத்தில் முழுதாக இருக்கிறது. ஏறத்தாழ நூறு வருடங்கள் கழித்து, 1940களில், புரொன்ஸ்டீன் போன்ற சோவியத் ஆட்டக்காரர்கள் அதே முறையை உலகின் முன்னணி ஆயுதமாக்கினார்கள். பிறகு பொபி பிஷரும் கஸ்பரோவும் அதை ஆடினார்கள்.

பெயர் யாருக்கு?

சதுரங்கத்தில் ஆட்டத் தொடக்கங்களுக்குப் பெயர் உண்டு. இந்த முறைக்கு இன்று 'கிங்ஸ் இந்தியன்' என்று பெயர். 'இந்தியத் தற்காப்பு' என்ற சொல் 1884 அளவிலேயே அச்சில் வந்துவிட்டது. மகேஷ் சந்திரரும் அவரைப் போன்ற இந்திய ஆட்டக்காரர்களும் கல்கத்தாவில் ஆடியதைப் பார்த்து வந்த பெயர் அது. நாட்டின் பெயர் புத்தகத்தில் ஏறியது. ஆளின் பெயர் ஏறவில்லை.

இன்னும் இரண்டு உதாரணங்கள். 1855 மே மாதம் கொக்ரேனுக்கு எதிரான வேறொரு ஆட்டத்தில் மகேஷ் சந்திரர் கறுப்பில் ஒரு புதிய ஒழுங்கை ஆடினார். அந்த ஆட்டத்தில் அவர் அழகாகத் தோற்கடிக்கப்பட்டார். 1922இல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் குரூன்பெல்ட் அதே ஒழுங்கை ஆடி அலெகினை வென்றார். இன்று அதன் பெயர் 'குரூன்பெல்ட் தற்காப்பு'. இரண்டாவது, 1848இல் மகேஷ் சந்திரருக்கு எதிராகக் கொக்ரேன் ஒரு குதிரையைக் கொடுத்து ஆடிய தாக்குதல். அதன் பெயர் 'கொக்ரேன் கம்பிட்'. ஒரே பலகை, ஒரே இரண்டு பேர். ஒருவரின் பெயர் தொடக்கத்துக்கு வைக்கப்பட்டது. மற்றவரின் பெயரோ ஆங்கிலத்தில் மொஹேஷ்சந்தர், மஹேஸ்சந்திர, பொன்னர்ஜி, பனர்ஜி என்று எழுதியவருக்கு வந்தபடி எழுதப்பட்டது. சில இடங்களில் வெறுமனே 'பிராமணர்'.

இதில் கொக்ரேனைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர் தான் தோற்ற ஆட்டங்களையும் மறைக்காமல் பதிந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கிருந்த சதுரங்க ஏடுகளில் அவை அச்சாகின. அவர் தன் வெற்றிகளை மட்டும் அனுப்பியிருந்தால், மகேஷ் சந்திரர் என்பவர் எப்போதும் தோற்ற ஒருவராகத்தான் வரலாற்றில் நின்றிருப்பார். ஒரு எதிராளியின் நேர்மையில் தொங்கிக்கொண்டிருந்த பெயர் அது. எல்லோருக்கும் அப்படி ஒரு எதிராளி கிடைப்பதில்லை.

பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கானின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதே. அவரும் இந்திய விதிகளில் வளர்ந்தவர். 1929இல் தன் புரவலரான சேர் உமர் ஹயாத் கானோடு லண்டன் போய், அந்த வருடமே பிரித்தானியச் சம்பியன் ஆனார். 1932இலும் 1933இலும் மறுபடி வென்றார். ஹேஸ்டிங்ஸ் நகரில் முன்னாள் உலகச் சம்பியன் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். பிறகு ஊர் திரும்பி, 1966இல் பாகிஸ்தானில் காலமானார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் கௌரவமாக அவருக்கு அறிவிக்கப்பட்டது 2024இல். அவரை எழுத்தறிவில்லாத வேலைக்காரர் என்று பல வருடங்களாக ஐரோப்பியர்கள் எழுதினார்கள். அது சரியல்ல என்று அவருடைய குடும்பத்தினர் இன்றும் வாதாட வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது, தாமே எழுதுவதைவிடப் பல மடங்கு கடினம்.

அஸ்-ஸூலியோ எழுதினார். சதுரங்கம் பற்றி நூல்களே எழுதினார். கடைசிக் காலத்தில் பக்தாத்தை விட்டு ஓடி, பஸ்ராவில் வறுமையில் இறந்தார் என்கிறார்கள். அவை போனது, வீடு போனது. அவர் விட்டுச்சென்ற ஒரு சதுரங்கப் புதிர் மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. தான் சொல்லிக்கொடுத்தவர்களைத் தவிர எவராலும் அதை விடுவிக்க முடியாது என்று அவர் எழுதியிருந்தார். ஆயிரம் வருடங்களுக்குப் பிறகு, 1980களில், ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் அவெர்பாக் அதற்கு விடை கண்டார். ஊரை இழந்த ஒருவரின் கேள்விக்கு ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் பதில் சொன்னது, அந்தக் கேள்வி எழுத்தில் இருந்ததால்தான்.

இரண்டு கையொப்பங்கள்

கடதாசியின் பெறுமதியை மருதமுனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்துக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கடல் எடுத்தது அம்பாறை மாவட்டத்தில்தான். சாய்ந்தமருதிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் தப்பியவர்கள் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இல்லாமல், தாங்கள் யார் என்பதை நிரூபிக்க வரிசையில் நின்றார்கள். அதற்கு முன்னரே 1990இல் இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு, எதை எடுப்பது என்று யோசிக்க நேரமிருக்கவில்லை. பிள்ளையைத் தேடும் தாய்மார் இன்றும் ஒரு பொலித்தீன் பைக்குள் முறைப்பாட்டுப் பிரதிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அந்தப் பாடத்தின் காரணமாகத்தான்.

பாடசாலைச் சதுரங்கப் போட்டிகளுக்கு இந்தக் கரையோரத்திலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். வென்றால் கிண்ணம் அதிபரின் அலுவலகக் கண்ணாடி அலுமாரிக்குப் போகிறது. ஆட்டம் எங்கே போகிறது? பெரும்பாலும் எங்குமில்லை. அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது சொல்லப்பட்டு, அத்தோடு மறந்துபோகிறது. எப்படி வென்றாள் என்று அடுத்த வருடம் படிக்க வரும் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். பிந்தித் தொடங்குபவரின் விலையை நாம் இப்படி இரண்டு முறை கட்டுகிறோம்.

இதற்குப் பெரிய செலவில்லை. நேரம் கூடிய முறைப்படியான போட்டிகளில், ஆடும் இருவரும் தத்தமது தாளில் ஒவ்வொரு நகர்வையும் எழுத வேண்டும் என்பது சர்வதேச விதி. வெள்ளையின் நகர்வை மட்டுமல்ல, கறுப்பினதையும். தன்னுடையதை மட்டுமல்ல, எதிராளியினதையும். பயிற்சி ஆட்டங்களுக்கும் அதையே பழக்கினால் போதும். ஒரு அப்பியாசக் கொப்பி. மேலே இரண்டு பெயர்கள், திகதி, இடம். கீழே நகர்வுகள். வென்ற ஆட்டமும் தோற்ற ஆட்டமும் ஒரே கொப்பியில். மூன்று மாதத்தில், தான் எங்கே திரும்பத் திரும்பத் தவறுகிறேன் என்பது பிள்ளைக்கே தெரியவரும். ஆசிரியருக்கும் அடுத்த அணிக்குச் சொல்லிக்கொடுக்க எமது ஊர்ப் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களே இருக்கும்.

அந்த விதியின் இன்னொரு பகுதி அதிகம் கவனிக்கப்படுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் முடிவை எழுதி, இருவரும் இரண்டு தாள்களிலும் கையொப்பமிட வேண்டும். தோற்றவர் வென்றவரின் தாளிலும், வென்றவர் தோற்றவரின் தாளிலும். இப்படித்தான் நடந்தது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பதிவு அது.

கல்முனைப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு அரிதான பொருள் என்று தெரியும். 1990 ஆகஸ்ட்டைப் பற்றிக் காத்தான்குடி ஒரு பதிவை வைத்திருக்கிறது. அதே ஆகஸ்ட்டைப் பற்றி வீரமுனை இன்னொரு பதிவை வைத்திருக்கிறது. இரண்டும் நடந்தவை. இரண்டிலும் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வருடமும் அவை வாசிக்கப்படுகின்றன. ஆனால், ஒருவரின் தாளில் மற்றவரின் கையொப்பம் இல்லை. எமது பிரதேச செயலகங்களைப் பற்றி, காணிகளைப் பற்றி, சந்தையைப் பற்றி நடக்கும் விவாதங்களிலும் அவரவர் தங்கள் நகர்வுகளை மட்டும் எழுதிய தாள்களோடுதான் வந்து நிற்கிறோம். மற்றவரின் நகர்வை எழுதாத தாளை வைத்து எந்த ஆட்டத்தையும் திரும்ப ஆடிப் பார்க்க முடியாது.

சதுரங்கம் இதைத் தீர்த்துவிடும் என்று சொல்வது பொய். ஒரு பலகை ஒரு ஊரின் காயத்தை ஆற்றாது. ஆனால், காரைதீவுப் பிள்ளையும் நிந்தவூர்ப் பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் செய்ததை மற்றவர் நேர்மையாக எழுதி, முடிவில் இருவரும் கையொப்பமிடும் பழக்கம் எங்கேயாவது தொடங்கத்தான் வேண்டும். அதற்குப் பத்து, பன்னிரண்டு வயது நல்ல வயது.

கொக்ரேன் தோற்ற அன்று அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனாலும் 12ஆவது நகர்வை அவர் உள்ளபடியே எழுதினார்: தனது குதிரை ஈ6க்குப் போனதையும், கறுப்பு ராணியைப் பார்க்காமல் சிப்பாயால் எடுத்ததையும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மகேஷ் சந்திரரின் துணிச்சல் எமக்குத் தெரிந்திருக்காது.